அப்பா அந்த லிங்க்கைத் தொட்டுவிட்டார், இனி என்ன செய்ய?

அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68. ஆயுள் சான்று புதுப்பிக்காவிட்டால் இந்த மாதத்தோடு பென்ஷன் நின்றுவிடும் என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. திறந்தார், உள்ளே இருந்த லிங்க்கைத் தொட்டார், ஏதோ ஒரு பக்கம் வந்தது, பயந்துபோய் மூடிவிட்டார். மூன்று நாள் கழித்துத்தான் உங்களிடம் சொன்னார். மெயிலைத் திறந்ததே ஆபத்தா, தினமும் வந்து குவியும் இருபது முப்பது குப்பை மெயில்களில் அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா, பேசாமல் புது முகவரி போட்டுக் கொடுத்துவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. சென்னையில் இருந்துகொண்டு, அப்பா கையில் இருக்கும் போனைப் பிடுங்காமல், அவரை எப்படிக் காப்பது? அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷம் மெயில் சர்வர் பார்த்தவன் நான். இப்போது வண்ணார்பேட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் பழுதைச் சொல்வதற்கு முன்னால் போனை நீட்டி, "அண்ணாச்சி, இந்த மெயில் நெசமா பொய்யா, பாத்துச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வக்கீலோ போலீசோ இல்லை நான். சட்டம், வங்கி விதி என்று வரும் இடங்களில் என் பேச்சை வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வங்கியிலும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவின் விஷயம். மெயிலைத் திறந்து படித்ததால் மட்டும் கணக்கில் இருந்து பணம் போகாது. போனும் மெயில் செயலியும் அப்டேட் ஆகியிருந்தால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். திறந்ததுமே போனுக்குள் புகும் தாக்குதல்கள் உலகத்தில் உண்டுதான். ஆனால் அவை பெரும் செலவில், குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்து நடப்பவை. பென்ஷன் மெயில் அனுப்புகிறவனிடம் அந்தச் சாமான் இருக்காது. திறப்பதால் நடக்கக்கூடியது ஒன்றுதான்: மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை வைத்திருப்பார்கள், அந்தப் படம் போனில் இறங்கும்போது இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், மெயிலைப் பார்க்கிறார் என்று அனுப்பியவனுக்குத் தகவல் போய்விடும். ஜிமெயில் 2013 முதல் படங்களைத் தன் சர்வர் வழியாகவே கொண்டுவந்து காட்டுவதால் நீங்கள் இருக்கும் இடம் வெளியே போவதில்லை. திறந்தீர்கள் என்பது மட்டும் போகலாம். செட்டிங்ஸில் வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கச் சொல்லி வைத்துவிட்டால் அதையும் தடுக்கலாம்.

லிங்க்கைத் தொட்டதும் அப்படித்தான். பக்கம் திறந்தது, மூடினார் என்ற அளவில் நின்றிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. "பெரும்பாலும்" என்று இழுப்பதற்குக் காரணம், அந்தப் பக்கத்தில் அப்பா என்ன செய்தார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவரிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஏதாவது டைப் செய்தாரா? ஏதாவது இறங்கி, அதை இன்ஸ்டால் செய்தாரா? திரையில் கேட்ட எதற்காவது 'அலோ' கொடுத்தாரா?

டைப் செய்தது மெயில் பாஸ்வேர்டு என்றால், வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து அதை உடனே மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றிவிடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெங்கே வைத்திருக்கிறாரோ அங்கேயும் மாற்ற வேண்டும். கார்டு எண், நெட்பேங்கிங் விவரம், ஓடிபி என்றால், கார்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்து முடக்கச் சொல்லுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்கக் கூடாது. ஆதார் எண்ணும் பென்ஷன் புத்தக எண்ணும் மட்டும்தான் கொடுத்தார் என்றால் அதைத் திரும்ப வாங்க வழியில்லை. ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பணத்தை எடுத்துவிட முடியாது. கைரேகையை வைத்து எடுக்கும் மோசடியும் உண்டு என்பதால், ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள், தேவைப்படும் அன்றைக்குத் திறந்துகொள்ளலாம். இங்கே அப்பாவிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ ஒரு போன் வரக்கூடும். பேசுகிறவன் அவர் பெயரையும் பென்ஷன் எண்ணையும் சரியாகச் சொல்லி, "கருவூலத்தில் இருந்து பேசுகிறோம் சார்" என்பான். அவர் கொடுத்த விவரத்தையே அவரிடம் திருப்பிச் சொல்லி நம்பிக்கை வாங்குவார்கள். என் கடைக்கு வந்தவர்களில் பணம் இழந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான் இழந்திருக்கிறார்கள்.

ஏபிகே என்று முடியும் கோப்பு இறங்கி இன்ஸ்டால் ஆகியிருந்தால் விஷயம் பெரிது. அந்த மாதிரிச் செயலிகள் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஓடிபியை அவர்களுக்கே அனுப்பிவிடும். உடனே போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறு போனில் இருந்து வங்கியை அழையுங்கள். செயலியை நீக்கிவிட்டால் போதும் என்பார்கள். நான் போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யத்தான் சொல்வேன். 'அலோ' மட்டும் கொடுத்திருந்தால் அது அநேகமாக குரோமில் நோட்டிஃபிகேஷனுக்கான அனுமதி. "உங்கள் போனில் வைரஸ்" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் அடங்கிவிடும்.

இந்த மூன்றையும் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். போன வருஷம் ஒரு அம்மாவை மகன் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா அடிச்ச? ஒழுங்கா சொல்லு" என்று மகன் சத்தம் போடப் போட, "ஒண்ணும் அடிக்கலப்பா" என்பதையே அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். மகன் போன் பேச வெளியே போனதும் என் பக்கம் சாய்ந்து, "ஆறு நம்பர் வந்துச்சு ஐயா, அதைத்தான் போட்டேன். அவன்கிட்டச் சொல்லிராதீங்க" என்றார். அதற்குள் நாற்பது நிமிஷம் போயிருந்தது. வங்கியை அழைத்தோம். ஒரு பகுதி அப்போதுதான் போயிருந்தது. முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அதையாவது பிடித்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உங்கள் அப்பா மூன்று நாள் கழித்துச் சொன்னார் என்கிறீர்களே, அவர் அந்த மூன்று நாளும் என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, ஏமாந்துவிட்டேனோ என்று பிள்ளையிடம் சொல்வது எளிதில்லை. அவர் சொன்னதே பெரிய விஷயம். அதை அவரிடம் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வியை ஆரம்பியுங்கள்.

சரி, மெயில் நிஜமா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்லேண்ட் லெட்டர் ஞாபகம் இருக்கும். பின்பக்கம் அனுப்புநர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்க மாட்டார். மெயிலும் அப்படித்தான் பிறந்தது. மெயிலை அனுப்பும் விதிமுறை 1982-ல் எழுதப்பட்டபோது ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களே அதைப் பயன்படுத்தினார்கள். அனுப்புகிறவர் தன் பெயரை மாற்றி எழுதுவார் என்ற நினைப்பே அதில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு மூன்று சோதனைகள் வந்தன: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். தபால் முத்திரையைப் பார்த்து இந்தக் கடிதம் நிஜமாகவே பாளையங்கோட்டை ஆபீசில்தான் போடப்பட்டதா என்று சரிபார்ப்பது மாதிரி. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மேல் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்று கொடுத்தால் இந்த மூன்றுக்கும் பாஸ், ஃபெயில் என்று தெரியும். ஒரு அரசு அலுவலகத்தின் பெயரில் வந்து டிமார்க்கில் ஃபெயில் என்று இருந்தால் அதைப் பொய் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பாஸ் என்று இருந்தால் நிஜம் என்று ஆகிவிடாது. இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். முத்திரை எந்த ஊர் என்று மட்டும்தான் சொல்லும், கடிதத்தில் இருப்பது உண்மையா என்று சொல்லாது. திருடன் சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு முகவரியை வாங்கி, மூன்று சோதனையையும் ஒழுங்காக அமைத்து, அதிலிருந்து அனுப்பினால் மூன்றும் பாஸ் ஆகும். நல்ல மனிதர் ஒருவரின் மெயில் கணக்கைப் பிடித்து அதிலிருந்து அனுப்பினாலும் பாஸ் ஆகும். சில பிரவுசர்களில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் அப்படியே. நீங்கள் டைப் செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. வாங்குகிறவன் யார் என்பதற்கு இல்லை.

முகவரியைப் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நம் ஊர்க்காரருக்கு ஒரு உதாரணம் போதும். தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் 'திருநெல்வேலி அல்வா' என்று ஒரு போர்டு இருக்கும். போர்டில் எழுதியிருப்பதால் அந்த அல்வா தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியதாகிவிடுமா? அடுப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இணைய முகவரியில், தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்வுக்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்கும் இரண்டு மூன்று துண்டுதான் அடுப்பு இருக்கும் இடம். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் போர்டு, யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். 'பென்ஷன்.கவ்.இன்.அப்டேட்சேவை.காம்' என்று இருந்தால் அது அரசு இல்லை. 'அப்டேட்சேவை.காம்' என்று ஒருவன் வைத்திருக்கும் கடை. கண்ணை ஏமாற்றும் வேலையும் உண்டு. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு சின்ன எழுத்தும் ஒட்டி நின்றால் எம் மாதிரித் தெரியும். ரஷ்ய எழுத்துகளில் சில அச்சு அசல் ஆங்கில எழுத்தாகவே இருக்கும். 68 வயதுக் கண்ணுக்கு ஐந்து அங்குலத் திரையில் அது தெரியாது, என் கண்ணுக்கும் சில சமயம் தெரிவதில்லை. வங்கிகள் விஷயத்தில் மட்டும் இப்போது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் '.பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரியின் அந்தக் கடைசித் துண்டு வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. வேறு கடைசித் துண்டோடு வங்கிப் பக்கம் என்று ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். இருந்தாலும், அப்பாவை மெயில் சோதிக்கும் நிபுணராக ஆக்கப் பார்க்காதீர்கள். பத்தொன்பது வருஷம் அதே வேலையில் இருந்த நானே, அவசரமாகப் படித்த ஒரு நாளில், கூரியர் பார்சல் என்று வந்ததைத் தொட்டுவிட்டேன். சோதனையில் தினமும் நூற்றுக்கு நூறு வாங்க யாராலும் முடியாது. நான் கடையில் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: மெயில் சொல்லும் செய்தி உண்மையாகக்கூட இருக்கட்டும், மெயில் காட்டும் வழியில் மட்டும் போக வேண்டாம். தெரிந்த வழியில் போய்க் கேளுங்கள். பென்ஷன் பற்றியா, கருவூலத்தில் கேட்கலாம், பென்ஷன் வரும் வங்கிக் கிளையில் கேட்கலாம், சங்கத்து நண்பரைக் கேட்கலாம். வங்கி பற்றியா, போனில் ஏற்கெனவே இருக்கும் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கலாம். வருமான வரி நோட்டீசா, 2019 அக்டோபர் முதல் வரித்துறை அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் துறையின் தளத்தில், நாமே டைப் செய்து போய், போட்டுப் பார்த்தால் நிஜமா என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மெயில் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

பத்தமடையில் பாய் வியாபாரம் பார்க்கும் ஒரு அண்ணாச்சி இப்படித்தான் தப்பினார். லண்டனில் ஹோட்டல் நடத்துகிறேன் என்று ஒருவன் மெயில் அனுப்பி, அறுபது பட்டுப்பாய் வேண்டும் என்றான். இவர் விலை எழுதினார், சரி என்றான். இரண்டு நாளில் ஒரு வங்கியின் பெயரில் மெயில்: உங்களுக்கு 4,200 பவுண்டு வந்திருக்கிறது, நிறுத்திவைத்திருக்கிறோம், நாணய மாற்றுக் கட்டணம் 23,600 ரூபாய் கட்டினால் விடுவிப்போம். பணம் கட்டக் கிளம்பும் வழியில், பழைய லேப்டாப்பை வாங்கிக்கொள்ளலாம் என்று கடைக்கு வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார். போனை வாங்கி, அனுப்பியவர் பெயருக்கு அடியில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்திக் காட்டினேன். மேலே வங்கியின் பெயர், அடியில் விரிந்தது யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஒரு முகவரி. பதில் போக வேண்டிய முகவரி அதுவும் இல்லை, இன்னொன்று. "இன்னொரு தடவ அமுக்கிக் காட்டுங்க" என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு இடிச்சுது அண்ணாச்சி. பட்டுப்பாய் வாங்க வாறவன் கையால தடவிப் பாக்காம, ஒரு ரூபா கொறைச்சுக் கேக்காம வாங்குவானா?" என்றார். அவருக்கு அந்த ஆர்டர் நிஜமாக இருக்க வேண்டும் என்ற ஆசை அப்போதும் போகவில்லை. மகள் கல்யாணம் பக்கத்தில் இருந்தது. அதனால் நான் பொய் என்று சாதிக்கவில்லை. சேரன்மகாதேவியில் அவர் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போய், வெளிநாட்டில் இருந்து ஏதாவது வந்து நிற்கிறதா என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அப்படி எதுவும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெளிநாட்டுப் பணத்துக்குக் கட்டணம் உண்டு, ஆனால் வந்த பணத்திலேயே கழித்துக்கொள்வார்கள், முன்கூட்டிக் கட்டச் சொல்லி மெயில் போட மாட்டார்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்புக்குறியைக் காட்டியது நான், அவரைக் காப்பாற்றியது அந்த பஸ் பயணமும், அவருக்குள் ஏற்கெனவே இருந்த வியாபாரியின் சந்தேகமும்.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அது நல்ல அடையாளம்தான். 2012-ல் மைக்ரோசாஃப்டின் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி, நைஜீரியப் பண மோசடி மெயில்கள் ஏன் அவ்வளவு நம்பமுடியாத கதையாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். நம்பமுடியாத கதையைப் படித்தும் பதில் போடுகிறவர்தான் கடைசிவரை ஏமாறக்கூடியவர், சந்தேகப்படுகிறவரை முதலிலேயே கழித்துவிடுவது மோசடிக்காரனுக்கு நேர மிச்சம் என்பது அவர் வாதம். ஆனால் அந்த அடையாளத்தை இனிமேல் நம்பி இருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு சுத்தமான தமிழிலேயே மெயில் வருகிறது. உங்கள் அப்பாவுக்கு வந்ததில் ஒற்றுப் பிழைகூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னும் மாறாமல் இருப்பது அவசரம் மட்டும்தான். இன்றைக்குள், 24 மணி நேரத்துக்குள், யாரிடமும் சொல்லாமல் என்று எந்த மெயில் விரட்டுகிறதோ அதை அப்படியே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நிஜமான எந்த அலுவலகமும் ஒரு டீ நேரத்தில் பென்ஷனை நிறுத்துவதில்லை.

அன்சப்ஸ்கிரைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்காமல் வரும் விளம்பர மெயில் புதிதில்லை, 1978 மே மாதத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் சுமார் நானூறு பேருக்கு அனுப்பிவிட்டார். விளம்பரம் வேறு, மோசடி வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்பா எப்போதோ துணி வாங்கிய கடை, டிக்கெட் போட்ட தளம், இவை அனுப்புவதை நிறுத்த அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாம். ஜிமெயில் மேலே தானாகக் காட்டும் பொத்தானை அழுத்துவது, மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கைவிட நல்லது. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் அந்த மூன்று சோதனைகளையும் அமைத்திருக்க வேண்டும், விளம்பரங்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வைக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. யார் என்றே தெரியாதவன், பரிசு விழுந்தது என்கிறவன், கடன் தருகிறேன் என்கிறவன் அனுப்பும் மெயிலில் அன்சப்ஸ்கிரைப் அழுத்தவே கூடாது. ஸ்பாம் என்று குறித்துவிட்டால் போதும். வெறுமனே அழிப்பதைவிட அது நல்லது, அடுத்த முறை வடிகட்டிக்கு அது பாடமாகும்.

புது முகவரி வேண்டாம் என்பது என் கருத்து. பென்ஷன், வங்கி, ஆதார், வரி எல்லாவற்றிலும் பழைய முகவரிதான் இருக்கும். மாற்றும் வேலையில் ஒன்று விட்டுப்போனால் நிஜமான நோட்டீசைத் தவறவிடுவீர்கள். பழையதை அப்படியே வைத்துக்கொண்டு, கடை கண்ணிகளில் கேட்டால் கொடுப்பதற்கு மட்டும் இன்னொன்று திறந்து கொடுங்கள்.

இன்னும் இரண்டு வகை மெயிலைப் பற்றி அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒன்று மிரட்டல். உங்கள் கேமராவில் உங்களைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயினில் பணம் போடு என்று வரும். அதில் அவருடைய பழைய பாஸ்வேர்டு ஒன்றும் எழுதியிருக்கும், அவருடைய முகவரியில் இருந்தே வந்தது போலவும் இருக்கும். பாஸ்வேர்டு எங்கோ ஒரு தளத்தில் இருந்து கசிந்த பட்டியலில் கிடைத்தது, அனுப்புநர் முகவரி நான் சொன்ன இன்லேண்ட் லெட்டர் கதை. படம் எதுவும் இருக்காது. அந்த பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மாற்றிவிட்டு மெயிலை ஒதுக்கிவிடலாம். இதன் அண்ணன் தம்பிதான் சிபிஐ, போலீஸ் முத்திரையோடு வரும் பிடிஎஃப், அதைத் தொடர்ந்து வரும் வீடியோ கால், அந்தக் காலிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்'. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேசும்போது இதைச் சொன்னார்.

இன்னொன்று உங்கள் அப்பாவுக்கு இல்லை, அவரிடம் யோசனை கேட்டு வரும் பழைய மாணவர்களுக்கு. நம் பக்கத்தில் வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் போகாத தெரு இல்லை. அதனால் வேலை உத்தரவு மெயில் இங்கே நிறைய விழுகிறது. கப்பல் வேலைக்கு ஆளெடுக்க மத்திய அரசின் கப்பல் துறை கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும், வேலை வாங்கித்தர மாலுமியிடம் காசு வாங்குவது விதிக்குப் புறம்பானது. வெளிநாட்டு வேலை ஏஜெண்டு மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கலாம், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைக்கப்பட்டு, இதே மாதிரி மோசடி வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022-ல் மீட்டுக் கொண்டுவரப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு மெயிலில் ஆரம்பிப்பது பணத்தோடு முடிவதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே செய்யவிடுங்கள். மெயிலுக்கு, பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு முறையும் உறுதி கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு போட வேண்டும். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்கலாம். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கணக்கைப் பிடித்தவர்கள் எல்லா மெயிலும் தங்களுக்கும் ஒரு பிரதி வருகிற மாதிரி அங்கே ஒரு வரி எழுதிவைத்துவிடுவார்கள், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது போகாது. நிறையப் பேர் இந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. யூபிஐ-யை பென்ஷன் கணக்கில் இருந்து எடுத்துவிட்டு, இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கில் இணைத்துக் கொடுங்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு அடியில் 1930 என்ற எண்ணையும் எழுதி, தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அந்த 1930 சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அழைப்பு அதற்கும் வங்கிக்கும். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கும் முன் முடக்கினால்தான் கிடைக்கும், கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். மெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்களுடையது இல்லை. நாமே ஓடிபியைக் கொடுத்துவிட்டோம் என்றால், தெரிவிக்கும் வரையான நஷ்டம் நம்முடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஓடிபி கொடுத்தது யார் தவறு, எந்த அளவு தவறு என்பதில் வழக்குகள் இரண்டு பக்கமும் வாதாடப்படுகின்றன. அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைப் பாருங்கள். எப்படியானாலும் தெரிவித்த நேரமும் புகார் எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்று இரவு அப்பாவுக்குப் போன் போட்டு அந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். அவர் அந்தப் பக்கத்தில் எதையாவது டைப் செய்தார் என்று சொன்னால், என்ன டைப் செய்தார் என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள், எண்களை எழுத வேண்டாம். அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.